விலைப் பக்கத்திலிருந்து ஆன்டாலஜி: தொடக்கநிலையாளருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நாமக்கல் மண்டலத்துக்கான முட்டை விலையை, 1982இல் உருவான தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு (என்.இ.சி.சி.) தன் இணையதளத்தில் வெளியிட்டு வருகிறது. சேலம், நாமக்கல் மாவட்டச் சந்தைகளில் காய்கறி என்ன விலைக்குப் போனது என்பது மத்திய வேளாண் அமைச்சகத்தின் அக்மார்க்நெட் தளத்தில் கிடைக்கிறது. இரண்டும் எல்லோருக்கும் திறந்த தளங்கள். ஆனால் இரண்டையும் சேர்த்து ஒரு கேள்வி கேட்க வழியில்லை. ஒரு தளத்தில் 'நாமக்கல்' என்பது முட்டை விலை மண்டலம். இன்னொன்றில் அதே பெயர் மாவட்டத்துக்கும் உண்டு, சந்தைக்கும் உண்டு. ஒன்றில் விலை 100 முட்டைக்கு, மற்றதில் குவிண்டாலுக்கு. பண்ணைக்காரருக்கும் வியாபாரிக்கும் இதெல்லாம் சொல்லாமலே தெரியும். கணினிக்கு யாராவது எழுதிக் கொடுத்தால்தான் தெரியும்.

அப்படி எழுதிக் கொடுக்கும் வேலைக்குத்தான் ஆன்டாலஜி கட்டுவது என்று பெயர். ஏற்கெனவே இயங்கும் இணையதளத்தைப் பிரித்துப் படித்து அதிலிருந்தே ஆன்டாலஜியை உருவாக்குவது எப்படி என்பதை இந்த வழிகாட்டி படிப்படியாகச் சொல்கிறது. கணினி அறிவியல் மாணவர்கள், இணையதளம் கட்டித் தரும் மென்பொருளாளர்கள், கூட்டுறவுச் சங்கங்களிலும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களிலும் தரவு பார்ப்பவர்கள் என மூன்று தரப்பினரையும் மனதில் வைத்து எழுதியது இது. ஒரு விரிதாளில் வேலை செய்யத் தெரிந்தால் போதும், தொடங்கிவிடலாம்.

## முதலில் அடிப்படை: ஆன்டாலஜி என்பது என்ன?

ஒரு துறையில் என்னென்ன பொருள்கள் இருக்கின்றன, அவற்றுக்குள் என்னென்ன உறவுகள் இருக்கின்றன, எவை கட்டாயம், எவை ஒன்றாக இருக்கவே முடியாது என்பதைக் கணினி படிக்கும் வடிவில் வெளிப்படையாக எழுதி வைப்பதுதான் ஆன்டாலஜி. கணினித் துறையில் இந்தச் சொல்லுக்கு இன்றும் எடுத்தாளப்படும் வரையறையை 1993இல் தாமஸ் குரூபர் தந்தார். 2001 மே மாதம் டிம் பெர்னர்ஸ்-லீ, ஜேம்ஸ் ஹென்ட்லர், ஓரா லாசிலா மூவரும் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் எழுதிய கட்டுரைதான் பொருளுணர் வலை என்ற எண்ணத்தை வெளியுலகுக்குப் பரவலாகக் கொண்டுசென்றது. மனிதர் மட்டுமின்றி இயந்திரமும் பொருள் புரிந்து படிக்கும் வலை அது.

இந்த வலைக்கான கருவிகளை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு ஒவ்வொன்றாகத் தரப்படுத்தியது. தகவலை எழுதும் ஆர்.டி.எஃப். 1999இலும், ஆன்டாலஜி எழுதும் ஓ.டபிள்யூ.எல். 2004இலும், கேள்வி கேட்கும் ஸ்பார்க்கிள் மொழி 2008இலும் பரிந்துரை நிலையை எட்டின.

ஆர்.டி.எஃப். முறையில் எல்லாத் தகவலும் மூன்று துண்டுகளாக எழுதப்படும். எழுவாய், உறவு, செயப்படுபொருள்:

- நாமக்கல் மாவட்டம் — பிரிந்து வந்தது — சேலம் மாவட்டம்
- ராசிபுரம் வட்டம் — அமைந்துள்ளது — நாமக்கல் மாவட்டம்
- விரலி — ஒரு ரகம் — மஞ்சள்

இந்த மும்மைகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தால் அது தரவு. 'மாவட்டம் என்பது ஓர் இடம், ரகம் என்பது விளைபொருளின் உட்பிரிவு, இடமும் ரகமும் ஒருபோதும் ஒன்றாகா' என்று சொல்லும் விதிகள் சேர்ந்தால் அது ஆன்டாலஜி.

## ஏன் இணையதளத்திலிருந்து தொடங்க வேண்டும்?

ஆன்டாலஜி கட்ட இரண்டு பாதைகள் உண்டு. துறை வல்லுநர்களை உட்கார வைத்துப் பேசி, வெற்றுத் தாளிலிருந்து எழுதுவது ஒன்று. ஏற்கெனவே வேலை செய்யும் மென்பொருளைப் பிரித்து, அதைக் கட்டியவர்கள் எந்த எண்ணத்தில் கட்டினார்கள் என்று கண்டறிவது மற்றொன்று. இரண்டாவதற்குப் பின்னோக்குப் பொறியியல் என்று பெயர். எலியட் சிகோஃப்ஸ்கி, ஜேம்ஸ் கிராஸ் இருவரும் 1990இல் இதற்கான கலைச்சொற்களை வகைப்படுத்தினார்கள். உறவுமுறைத் தரவுத்தளங்களைப் பின்னோக்கிப் படித்து ஆன்டாலஜி ஆக்கும் முறையை 2004இல் இரினா அஸ்ட்ரோவா ஆய்வுக் கட்டுரையாக முன்வைத்தார். 2007இல் வெளிவந்த டிபிபீடியா இதே வழியில் பெரிய அளவில் வென்று காட்டியது. விக்கிப்பீடியாப் பக்கங்களின் ஓரத்தில் இருக்கும் தகவற்பெட்டிகளைப் படித்து கோடிக்கணக்கான மும்மைகளை அது உருவாக்கியது.

இந்தப் பாதையின் பெரிய பலம், தொடங்க ஒரு பிடி கிடைப்பது. பல ஆண்டுகள் பயன்பாட்டில் இருந்த தளத்தில் தேவையான புலங்கள் பெரும்பாலும் வந்து சேர்ந்திருக்கும். பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. திரைக்கு எது தேவையோ அதுதான் தளத்தில் இருக்கும். பார்ப்பவருக்கு ஏற்கெனவே தெரிந்ததைத் தளம் சொல்லாது. ஆகவே தளத்தைப் படித்தால் எலும்புக்கூடு கிடைக்கும். பொருள் அந்தச் சந்தையில் புழங்கும் மனிதர்களிடம்தான் இருக்கிறது. இனி வரும் ஒவ்வொரு படியிலும் இதை நினைவில் வையுங்கள்.

## படி 1: பதில் தேவைப்படும் கேள்விகளை எழுதுங்கள்

தளத்தைத் திறப்பதற்கு முன், உங்கள் ஆன்டாலஜி எந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று ஐந்து முதல் பத்து வரை எழுதிக்கொள்ளுங்கள். நடாலியா நோயும் டெபோரா மெக்கின்னஸும் 2001இல் எழுதிய புகழ்பெற்ற தொடக்கநிலைக் கையேடு இந்த முறையைத்தான் வலியுறுத்துகிறது. நம் பகுதிக்கு எடுத்துக்காட்டாக:

1. இன்று நாமக்கல் மண்டலத்தில் ஒரு முட்டையின் அறிவிக்கப்பட்ட விலை என்ன?
2. சேலம் மாவட்டத்து உழவர் சந்தைகளில் மட்டும் தக்காளி விலை என்ன?
3. மஞ்சளில் விரலிக்கும் கிழங்குக்கும் விலை வித்தியாசம் எவ்வளவு?
4. 1996ஆம் ஆண்டின் 'சேலம் மாவட்ட'த் தரவை இன்றைய எந்தெந்த மாவட்டங்களோடு ஒப்பிட வேண்டும்?

இந்தப் பட்டியல்தான் எல்லைக்கோடு. எந்தக் கேள்விக்கும் உதவாத புலத்தைச் சேர்க்க வேண்டாம். கேள்விக்குத் தேவைப்படும் ஒன்று தளத்தில் இல்லையென்றால், அதை வேறெங்கே தேடுவது என்றும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

## படி 2: அனுமதியைப் பாருங்கள்

திறந்திருக்கும் பக்கம் எல்லாம் அள்ளிக்கொள்ளலாம் என்று பொருளில்லை. தளத்தின் பயன்பாட்டு விதிகளையும் தானியங்கி நிரல்களுக்கான ரோபோட்ஸ் கோப்பையும் முதலில் படியுங்கள். அனுமதியின்றிக் கணினியிலிருந்து தரவை எடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆம் பிரிவுக்குள் வரக்கூடும். தனிநபர் தகவல் இருந்தால் 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உண்டு. விவசாயியின் பெயர், கைபேசி எண் போன்றவை விலை ஆன்டாலஜிக்குத் தேவையே இல்லை. அவற்றைத் தொடாதீர்கள்.

நல்ல செய்தி என்னவென்றால், அக்மார்க்நெட் தரவின் அன்றாட விலைகள் அரசின் திறந்த தரவுத் தளத்தில் நிரல்வழியாகப் பெறும் வடிவிலும் கிடைக்கின்றன. அங்கே வெளியாகும் தரவுக்கு 2017இல் அறிவிக்கப்பட்ட இந்திய அரசுத் திறந்த தரவு உரிமம் இருக்கிறது. மூலத்தைக் குறிப்பிட்டால் பயன்படுத்தலாம். நேர்வழி இருக்கும்போது பக்கத்தைச் சுரண்டி எடுக்க வேண்டிய தேவை இல்லை.

ஆன்டாலஜி கட்ட மொத்தத் தரவும் வேண்டியதில்லை என்பதும் முக்கியம். பக்கத்தின் அமைப்பும் சில நாள் மாதிரியும் போதும். அதைக் கையாலேயே எடுத்துவிடலாம்.

## படி 3: திரையைத் தடயமாகப் படியுங்கள்

இப்போது தளத்தைத் திறந்து, கண்ணில் படும் ஒவ்வொன்றையும் விரிதாளில் பதியுங்கள். எந்தப் பக்கம், எந்தப் புலம், என்ன மதிப்புகள், உங்கள் ஊகம் என்ன என்று நான்கு பத்திகள் போதும். ஊகத்தைத் தனிப் பத்தியில் வைப்பது அவசியம். பின்னால் எது கண்டது, எது நினைத்தது என்று பிரித்துப் பார்க்க அதுதான் உதவும்.

கீழ்விரி பட்டியல்கள். மாநிலத்தைத் தேர்ந்தால் மாவட்டமும், மாவட்டத்தைத் தேர்ந்தால் சந்தையும் வரும் என்றால், அங்கே 'உள்ளடங்கியது' என்ற உறவு இருக்கிறது. பட்டியலில் தெரியும் பெயருக்குப் பின்னால் ஓர் எண் குறியீடு ஒளிந்திருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துக்கூட்டல் மாறினாலும் குறியீடு மாறாமல் இருக்க வாய்ப்பு அதிகம்.

படிவங்கள். நட்சத்திரக் குறியிட்ட புலம் கட்டாயமானது. ஒன்றை மட்டும் தேரவிடும் வட்டப் பொத்தான், ஒரே மதிப்புதான் இருக்க முடியும் என்கிறது. பலவற்றைத் தேரவிடும் சதுரப் பெட்டி அதற்கு எதிர். தவறாக நிரப்பினால் வரும் எச்சரிக்கை வாசகங்களை விட்டுவிடாதீர்கள். தளத்தின் விதிகள் வெளிப்படையாகத் தெரியும் இடம் அதுதான்.

அட்டவணைகள். அக்மார்க்நெட் தரவில் மாநிலம், மாவட்டம், சந்தை, விளைபொருள், ரகம், தரம், வரத்துத் தேதி, குறைந்தபட்ச விலை, அதிகபட்ச விலை, மோடல் விலை என்ற பத்திகள் வருகின்றன. முட்டை விலை அட்டவணை வேறு மாதிரி. இடங்கள் வரிசையாக இறங்க, மாதத்தின் நாள்கள் பத்திகளாக நீள்கின்றன. அங்கே '1, 2, 3' என்பவை புலப்பெயர்கள் அல்ல, தேதிகள். மாதமும் ஆண்டும் அட்டவணைக்கு வெளியே, தேர்வுப் பெட்டியில் இருக்கின்றன. இதைக் கவனிக்காமல் அப்படியே எடுத்தால் தேதி இல்லாத விலைதான் கையில் மிஞ்சும்.

முகவரிப் பட்டை. ஒரு பொருளைத் திறக்கும்போது முகவரியில் தனி எண் வந்தால், அந்தத் தளம் அதைத் தனி அடையாளம் உள்ள ஒன்றாகக் கருதுகிறது. அது ஒரு வகுப்பாக ஆக வாய்ப்புண்டு.

அடைப்புக்குறிகள். இதை நான் தனியாக அழுத்திச் சொல்வேன். அக்மார்க்நெட்டில் சூரமங்கலம் போன்ற சந்தைப் பெயர்களுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'உழவர் சந்தை' என்று வரும். முட்டை விலை அட்டவணையில் சென்னை போன்ற நகரங்களின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 'சிசி' என்று இருக்கும். அது நுகர்வு மையம் என்பதன் குறி. பெயருக்குள் புகுந்திருக்கும் இந்தக் குறிகள் உண்மையில் வகைகள். தளத்தைக் கட்டியபோது அதற்குத் தனிப் புலம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். இரண்டாவது கேள்விக்கு விடை அந்த அடைப்புக்குறிக்குள்தான் இருக்கிறது.

## படி 4: வகுப்பு, உறுப்பு, பண்பு எனப் பிரியுங்கள்

சேர்த்த சொற்களை மூன்று குவியல்களாகப் பிரியுங்கள். பொதுவான வகை என்றால் வகுப்பு: சந்தை, மாவட்டம், விளைபொருள். குறிப்பிட்ட ஒன்று என்றால் உறுப்பு: சேலம் மாவட்டம், சூரமங்கலம் உழவர் சந்தை. ஒன்றை இன்னொன்றோடு அல்லது ஒரு மதிப்போடு இணைப்பது பண்பு: அமைந்துள்ளது, தேதி, மோடல் விலை.

தொடக்கநிலையாளர் சறுக்கும் மூன்று இடங்கள் இங்கே உண்டு.

முதலாவது, விலையை விளைபொருளின் பண்பாக வைப்பது. 'மஞ்சள் — விலை — இவ்வளவு' என்று எழுதினால் எந்த நாள், எந்தச் சந்தை, எந்த ரகம் என்ற தகவல் போய்விடும். 'விலைப்பதிவு' என்று தனி வகுப்பு வையுங்கள். ஒவ்வொரு பதிவும் ஒரு விளைபொருளை, ஓர் இடத்தை, ஒரு தேதியை, ஓர் அளவலகை, ஒரு தொகையைச் சுட்டட்டும். இந்த ஒரு முடிவைச் சரியாக எடுத்தால் பாதி வேலை முடிந்தது.

இரண்டாவது, இடத்தையும் நிறுவனத்தையும் கலப்பது. நாமகிரிப்பேட்டையில் நடக்கும் மஞ்சள் ஏலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏலம் நடத்தும் கூட்டுறவுச் சங்கம் ஒரு நிறுவனம். நாமகிரிப்பேட்டை ஓர் ஊர். ஏலம் ஒரு நிகழ்வு. செய்தித்தாள் மூன்றையும் ஒரே தலைப்பில் எழுதலாம். ஆன்டாலஜியில் மூன்றும் தனித்தனி வகுப்புகள்.

மூன்றாவது, பட்டியல் மரத்தை எல்லாம் வகுப்பு மரமாக மாற்றுவது. 'காய்கறிகள்' என்ற தலைப்பின் கீழ் வெண்டை வருவது சரியான உட்பிரிவு. ஆனால் மாவட்டத்தின் கீழ் சந்தை வருகிறது என்பதற்காகச் சந்தை மாவட்டத்தின் ஒரு வகை ஆகாது. 'ஒவ்வொரு சந்தையும் ஒரு மாவட்டமா?' என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால் அது உட்பிரிவு இல்லை, 'அமைந்துள்ளது' என்ற உறவு.

விரலி, கிழங்கு, பனங்காலி போன்ற ரகங்களை வகுப்பாக வைப்பதா உறுப்பாக வைப்பதா என்று குழப்பம் வரும். 2009இல் தரமான ஸ்காஸ் என்ற சொற்களஞ்சிய முறையில் அவற்றைக் கருத்துருக்களாக வைத்து, 'மஞ்சள்' என்ற விரிந்த கருத்துருவின் கீழ் இணைத்துவிடுங்கள். தொடங்குபவருக்கு அது எளிது, பின்னால் மாற்றவும் வசதி.

## படி 5: தளம் சொல்லாமல் விட்டதைக் கண்டுபிடியுங்கள்

இந்த வேலையின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. நேரம் ஒதுக்கிச் செய்யுங்கள்.

அளவலகு. சேலம், நாமக்கல் சமவெளியில் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு கணக்கு உண்டு.

- முட்டை: விலை அட்டவணையில் 100 முட்டைக்கு, செய்தியில் ஒரு முட்டைக்கு
- மஞ்சள், பருத்தி: குவிண்டாலுக்கு
- மரவள்ளி: டன்னுக்கு, ஆலையில் மாவுச்சத்தின் 'பாயிண்ட்' பார்த்து
- ஜவ்வரிசி: 90 கிலோ மூட்டைக்கு
- பிலிக்கல்பாளையம் வெல்லம்: 30 கிலோ சிப்பத்துக்கு
- பரமத்தி வேலூர் ஏலத்தில் பூவன், ரஸ்தாளி வாழை: தாருக்கு, மொந்தன்: காய்க்கு
- கறிக்கோழி: உயிருடன் கிலோவுக்கு

அட்டவணையில் 505 என்ற எண் இருந்தால் ஒரு முட்டை ₹5.05 என்பது நாமக்கல்லில் எல்லோருக்கும் தெரியும். ஆன்டாலஜியில் ஒவ்வொரு விலைப்பதிவுக்கும் அளவலகு கட்டாயம் என்று எழுதுங்கள். மூட்டையைக் கிலோவாக மாற்றலாம். தாரை மாற்ற முடியாது, ஏனெனில் தாரின் எடை தாருக்குத் தார் வேறு. எடைக்கு மாற்றத்தக்க அலகு, மாற்ற இயலாத அலகு என்று இரண்டு வகுப்பு வைத்தால் பொய்யான ஒப்பீடு தடுக்கப்படும்.

விலையின் தன்மை. முட்டை விலைத் தளம் பரிந்துரை விலை, நடப்பு விலை என்று இரண்டு தொகுதி காட்டுகிறது. பண்ணைக்காரர் கையில் வாங்குவது மூன்றாவதாக இருக்கக்கூடும். அறிவித்த விலையிலிருந்து சில காசுகளைக் கழித்து வியாபாரிகள் எடுப்பதுண்டு. அந்தக் கழிவைத்தான் 'மைனஸ்' என்கிறார்கள். அட்டவணையில் அதற்குப் பத்தி கிடையாது. 'அறிவித்த விலை', 'பண்ணையில் கிடைத்த விலை' என்று இரண்டையும் வகுப்பாக வைத்து, இப்போது தரவு இல்லாவிட்டாலும் இரண்டாவதற்கு இடம் விட்டு வையுங்கள்.

அக்மார்க்நெட்டில் மோடல் விலை என்பது அன்று பெரும்பாலான சரக்கு கைமாறிய விலை. ஏலம் நடக்கும் கூடத்தில் குறைந்தபட்சமும் அதிகபட்சமும் போட்டியின் இரு எல்லைகள். 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைத் திட்டத்தில் ஏலம் இல்லை. விலையைக் காலையிலேயே நிர்ணயித்துப் பலகையில் எழுதிவிடுகிறார்கள். ஒரே பத்தித் தலைப்பின் கீழ் இருந்தாலும் இரண்டும் வெவ்வேறு வழியில் பிறந்த எண்கள். 'விலை உருவான முறை' என்று ஒரு பண்பு வையுங்கள்.

காலத்தில் மாறும் இடம். பழைய சேலம் மாவட்டத்திலிருந்து 1965இல் தர்மபுரியும், 1997 ஜனவரி 1 அன்று நாமக்கல்லும் பிரிந்தன. 1996இன் சேலம் வேறு, 1998இன் சேலம் வேறு. ஒவ்வொரு நிர்வாக எல்லைக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் கொடுத்து, 'பிரிந்து வந்தது' என்ற உறவால் இணையுங்கள். நான்காவது கேள்விக்கு விடை தானாக வரும். முட்டை விலை மண்டலத்தை மாவட்டத்தோடு சமன் செய்யாதீர்கள். அது வணிக எல்லை, வருவாய்த்துறை எல்லை அல்ல.

இல்லாத விலை. ஒரு நாள் பத்தி காலியாக இருந்தால் அன்று ஏலமே இல்லையா, ஏலம் நடந்தும் பதிவேறவில்லையா? ஓ.டபிள்யூ.எல். மொழி திறந்த உலகக் கொள்கையில் இயங்குகிறது. ஒன்று எழுதப்படவில்லை என்பதால் அது நடக்கவில்லை என்று அது முடிவு கட்டாது. ஆகவே 'ஏலம் இல்லாத நாள்' என்பதையும் வெளிப்படையாக எழுத ஒரு வழி வையுங்கள்.

இந்தப் படியில் கிடைத்த ஒவ்வொரு ஊகத்தையும் சந்தையில் புழங்கும் ஒருவரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். பண்ணை உரிமையாளர், கூடத்துக் கண்காணிப்பாளர், ஏலத்துக்கு வரும் வியாபாரி என்று மூன்று தரப்பையும் கேட்பது நல்லது. ஒரே சொல்லை மூவரும் மூன்று பொருளில் சொன்னால் மூன்றையும் பதியுங்கள். அங்கே உங்களுக்கு மூன்று வகுப்புகள் கிடைத்திருக்கின்றன.

## படி 6: இருக்கும் சொற்களஞ்சியங்களோடு இணையுங்கள்

எல்லாவற்றையும் புதிதாக உருவாக்க வேண்டாம். மற்றவர்கள் வரையறுத்ததைப் பயன்படுத்தினால்தான் உங்கள் தரவு மற்ற தரவோடு பேசும்.

- விலைப்பதிவுக்கு: 2014இல் தரமான ஆர்.டி.எஃப். டேட்டா கியூப். இடம், தேதி, பொருள் ஆகியவை பரிமாணங்கள், தொகை அளவீடு, அளவலகு ஓர் இயல்பு என்று பொருத்திவிடலாம்.
- அளவலகுக்கு: கியூ.யு.டி.டி. கிலோவும் டன்னும் அங்கே உண்டு. தார், சிப்பம் போன்றவற்றை நீங்கள் சேர்க்க வேண்டும்.
- பயிர்ப் பெயர்களுக்கு: உலக உணவு வேளாண் அமைப்பு 1980களின் தொடக்கத்திலிருந்து பேணி வரும் அக்ரோவாக் என்ற பன்மொழிச் சொற்களஞ்சியம்.
- ஊர்கள், மாவட்டங்களுக்கு: 2012இல் தொடங்கிய விக்கிதரவு. தமிழ்ப் பெயர்களும் அங்கே உண்டு.
- எந்தத் தளத்திலிருந்து, எந்த நாளில் எடுத்தது என்பதற்கு: 2013இல் தரமான ப்ராவ்-ஓ.

இணைக்கும்போது 'இரண்டும் ஒன்றே' என்ற கடுமையான உறவை எளிதில் போடாதீர்கள். அப்படிப் போட்டால் ஒன்றைப் பற்றிச் சொன்னதெல்லாம் மற்றதற்கும் பொருந்திவிடும். ஸ்காஸ் தரும் 'நெருங்கிய பொருத்தம்' போதுமான இடங்களில் அதையே வையுங்கள்.

## படி 7: தமிழில் பெயரிடுங்கள்

ஆர்.டி.எஃப். அடையாளங்களில் தமிழ் எழுத்துகள் செல்லும். அடையாளத்தை எந்த எழுத்தில் வைத்தாலும், ஒவ்வொரு வகுப்புக்கும் உறுப்புக்கும் தமிழ் மொழிக்குறியோடு தமிழ்ப் பெயர் கட்டாயம் இருக்கட்டும். அரசுத் தரவில் 'பிந்தி (லேடீஸ் ஃபிங்கர்)' என்று நிற்கும் காய்க்கு 'வெண்டைக்காய்' என்ற பெயர் சேர்ந்தால்தான் ராசிபுரத்து விவசாயி தன் மொழியில் தேட முடியும்.

முதன்மைப் பெயர் ஒன்று, மாற்றுப் பெயர்கள் எத்தனையும் என்பது ஸ்காஸின் வசதி. மரவள்ளி என்பதை முதன்மையாக வைத்து, குச்சிக்கிழங்கு என்பதை மாற்றுப் பெயராகச் சேருங்கள். எந்த வட்டத்தில் எந்தப் பெயர் வழங்குகிறது என்று குறிப்பெழுதினால் இன்னும் சிறப்பு. ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு வரி விளக்கத்தையும் தமிழில் எழுதுங்கள். விளக்கம் எழுத வராத வகுப்பு பெரும்பாலும் தெளிவில்லாத வகுப்பாகவே இருக்கும்.

## படி 8: எழுதுங்கள், தர்க்கச் சோதனை செய்யுங்கள்

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான ப்ரோட்டிஜே மென்பொருள் இலவசம். அதில் வகுப்பு மரம், பண்புகள், உறுப்புகள் என்ற வரிசையில் ஏற்றுங்கள். ஒன்றாக இருக்க முடியாத வகுப்புகளை மறக்காமல் பிரித்து அறிவியுங்கள்: இடம், நிறுவனம், நிகழ்வு, விலைப்பதிவு.

பிறகு ஹெர்மிட் போன்ற அனுமானியை ஓட்டுங்கள். எழுதிய விதிகளிலிருந்து எழுதாததை அது வருவிக்கும், முரண்பாட்டையும் காட்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. 'வரத்து அளவு என்ற பண்பு விலைப்பதிவுக்கு உரியது' என்று எழுதிவிட்டு, தவறுதலாக ஒரு மண்டலத்துக்கு வரத்து அளவு கொடுத்தால், அனுமானி உடனே பிழை சொல்லாது. 'அப்படியென்றால் இந்த மண்டலமும் ஒரு விலைப்பதிவுதான்' என்று முடிவு செய்யும். இரண்டும் ஒன்றாகா என்று நீங்கள் முன்பே அறிவித்திருந்தால்தான் முரண்பாடு வெளிப்படும். பிரித்து அறிவிக்கும் வேலை வெறும் சடங்கு அல்ல என்பதற்கு இதுவே காரணம்.

## படி 9: தரவை ஏற்றுங்கள்

விரிதாளில் இருக்கும் மாதிரித் தரவை ஓபன்ரிஃபைன் மூலம் முதலில் சுத்தம் செய்யுங்கள். அடைப்புக்குறிக்குள் இருப்பதைத் தனிப் பத்தியாகப் பிரிப்பது, ஒரே சந்தையின் வெவ்வேறு எழுத்துக்கூட்டல்களைச் சேர்ப்பது, அகலமாக நீளும் முட்டை அட்டவணையை நாளுக்கு ஒரு வரியாக மடக்குவது எல்லாம் அதில் முடியும். அதற்கான நீட்சியைச் சேர்த்தால் ஆர்.டி.எஃப். வடிவிலேயே எடுக்கலாம்.

தளத்தின் தரவுத்தளமே உங்கள் கையில் இருந்தால், உதாரணமாக உங்கள் சங்கத்துக்கு நீங்களே கட்டிய மென்பொருள் என்றால், 2012இல் தரமான ஆர்2ஆர்.எம்.எல். என்ற பொருத்து மொழி ஏற்றது. எந்த அட்டவணை எந்த வகுப்பு, எந்தப் பத்தி எந்தப் பண்பு என்று ஒருமுறை எழுதினால் போதும், தரவு புதுப்பிக்கப்படும்போதெல்லாம் மும்மைகளும் புதிதாகும்.

## படி 10: முதல் படியின் கேள்விகளைக் கேளுங்கள்

அப்பாச்சி ஜெனா ஃபுசேகி போன்ற இலவசச் சேவையகத்தில் ஏற்றி, முதல் படியில் எழுதிய கேள்விகளை ஸ்பார்க்கிளில் எழுதிக் கேளுங்கள். வரும் விடையைத் தளத்தோடு கையால் ஒப்பிடுங்கள். விடை வராத கேள்வி, ஆன்டாலஜியில் என்ன குறைகிறது என்பதைச் சொல்லும். அந்தப் படிக்குத் திரும்பிச் சென்று திருத்துங்கள். இந்த வேலை ஒரே சுற்றில் முடிவதில்லை.

தரவின் தரத்தைச் சோதிக்க, 2017இல் தரமான ஷாக்கிள் மொழியில் விதிகள் எழுதுங்கள். தொடங்க நான்கு விதிகள் போதும்:

1. அளவலகு இல்லாத விலைப்பதிவு செல்லாது.
2. மோடல் விலை குறைந்தபட்சத்துக்கும் அதிகபட்சத்துக்கும் இடையில் இருக்க வேண்டும்.
3. ஒவ்வொரு பதிவுக்கும் ஒரே ஒரு தேதி.
4. மூலத் தளத்தின் பெயரும் எடுத்த நாளும் கட்டாயம்.

## படி 11: வெளியிடுங்கள், பராமரியுங்கள்

பதிப்பு எண், தேதி, உரிமம், மூலத்துக்கான நன்றி ஆகியவற்றோடு கோப்பைப் பொதுவில் வையுங்கள். இணையதளங்கள் வடிவம் மாறும், பத்திகள் கூடும், குறையும். படி 3இல் எழுதிய தடய விரிதாளையும் சேர்த்து வெளியிட்டால், நாளை தளம் மாறினாலும் எந்த வகுப்பு எந்தத் திரையிலிருந்து வந்தது என்று அடுத்தவர் கண்டுபிடித்துத் திருத்துவார். நீக்கிய வகுப்பை அழிக்காமல், 'இனி பயன்பாட்டில் இல்லை' என்று குறித்து வையுங்கள். அதை நம்பி யாரோ ஒரு நிரல் எழுதியிருக்கக்கூடும்.

## தொடங்கும் முன் ஒரு வார்த்தை

பெரிதாகத் திட்டமிட வேண்டாம். ஒரு தளம், ஒரு பக்கம், மூன்று கேள்விகள் என்று ஆரம்பியுங்கள். முட்டை விலைப் பக்கம் ஒன்றை மட்டும் முழுமையாகச் செய்தாலே மண்டலம், விலையின் தன்மை, அளவலகு, தேதி, மூலம் என்ற ஐந்து கருத்துகளும் கைவரும். அடுத்ததாக மஞ்சளையும் ஜவ்வரிசியையும் சேர்ப்பது எளிது.

சேலம், நாமக்கல் பகுதியில் பொறியியல் கல்லூரிகளுக்கும் கலை அறிவியல் கல்லூரிகளுக்கும் குறைவில்லை. அங்கே இறுதியாண்டுத் திட்டத்துக்குத் தலைப்பு தேடும் மாணவர்களிடம் என் வேண்டுகோள் இது. தார், சிப்பம், பாயிண்ட், மைனஸ் போன்ற சொற்களின் பொருள் வெளிநாட்டுச் சொற்களஞ்சியம் எதிலும் வந்து சேரப்போவதில்லை. அந்தச் சந்தைக்குப் பக்கத்தில் வாழ்ந்து, அந்த மொழி பேசி, நிரலும் எழுதத் தெரிந்தவர்களால்தான் அதை எழுத முடியும். அது நீங்கள்தான். இந்த வாரமே ஒரு விலைப் பக்கத்தைத் திறந்து, முதல் விரிதாளைத் தொடங்குங்கள்.